கப்பல் வந்த விலை

அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் விடிவது சீக்கிரம். கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். சூரியன் அதற்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்னால் போகிறது. ஐந்து மணிக்கே கடல் தெரிகிறது, ஐந்தரைக்கெல்லாம் படகுத்துறை வாசலில் ஆள் நிறைந்துவிட்டது. பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள். வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி பார்க்க வந்தவர்கள் ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் திரும்புகிறார்கள். பலர் நெற்றியில் நேற்றைய விபூதி இன்னும் இருக்கிறது.

கையில் என்னென்ன கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தாலே தீவின் கணக்கு புரிந்துவிடும். முட்டை அட்டைகளை நான்கு நான்காக அடுக்கிக் கயிறு கட்டி, விரலில் மாட்டித் தூக்கிக்கொண்டு ஒரு வங்காளிப் பெண் போகிறாள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து ஒருவர் பீடி பிடிக்கிறார், காவலர் பார்த்ததும் அணைக்கிறார். மேசை விசிறி ஒன்று, மிதிவண்டி டயர் இரண்டு, பள்ளிக்கூடப் பைகள் ஒரு கட்டு. ஊரில் பெட்டிக்கடையில் கிடைக்கிற சாமான்கள்தாம் எல்லாம். இங்கே அவை மெயின்லேண்டிலிருந்து ஒரு கப்பல் ஏறி வந்தவை. இப்போது இன்னொரு கப்பல் ஏறப்போகின்றன.

வரிசையில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் கேட்கின்றன. 1951 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் முழுவதற்கும் 30,971 பேர். 2011-இல் 3,80,581. அதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குத் தமிழர்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

வாசலுக்கு வெளியே தார்ப்பாய் போட்ட டீக்கடை. நடத்துகிற அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வலது கை டீ ஆற்ற, இடது கை சில்லறை எண்ணுகிறது. பெஞ்சில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, காக்கிச் சட்டை. மரைன் டாக்யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிகிறது. பக்கத்தில் பேத்தி, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். இவள் டவுனில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். அவர் ரங்கத்தில் மூத்த மகனோடு. மடியில் விரித்த நோட்டில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருக்கிறாள்: பொருள், அப்போது, இப்போது. புது வகுப்பு தொடங்கிய கையோடு கொடுத்த ப்ராஜெக்ட். தாத்தா கப்பல் ஏறுவதற்குள் பத்துப் பொருள் எழுதியாக வேண்டும்.

“ஐயா, அரிசி சொல்லுங்க. ஒரு கிலோ என்ன வெல?”

“எந்த அரிசி தாயி? கப்பல் வந்த வாரத்து அரிசியா, வராத வாரத்து அரிசியா?”

“ஐயா, வெல மட்டும் சொல்லுங்க.”

“வெல ஒண்ணுதான். அது ஏறவே இல்ல. அரிசிதான் இருக்காது.”

பேனா நோட்டின்மேல் அப்படியே நிற்கிறது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீக்கடை அம்மா திரும்பிப் பார்த்து, “அண்ணே, புள்ளைக்கு நேரமாகுது, ஒரு நம்பரைச் சொல்லுங்க” என்கிறார். அவர் ஏதோ ஒரு எண் சொல்கிறார். அவளும் எழுதிக்கொள்கிறாள். அவர் முகத்தில் அந்த எண்ணைப் பற்றிய திருப்தி இல்லை.

அவர் வந்தது 1959-இல், பத்தொன்பது வயதில். ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்துப்போன வருடம் என்கிறார். வந்த கப்பல் ‘எம்.வி. அந்தமான்ஸ்’. அதற்கு முன்னால் ஓடிய ‘மகாராஜா’ கைதிகளைக் கொண்டுவந்த கப்பல். 1911-இல் சாவர்க்கர் வந்ததும் அதில்தான். பெரியவர் தன் கப்பலின் பெயரைச் சொல்லும்போது முதுகு நிமிர்கிறது. கைதிக் கப்பலில் தான் வரவில்லை என்பது அவருக்கு இன்றைக்கும் முக்கியம். காரணம் அடுத்த பேச்சிலேயே வந்துவிட்டது: வழியனுப்பும்போது அவருடைய அம்மா பிணம் போகிற வீட்டில் அழுவதுபோல அழுதாராம். ஊர்க் கொட்டகையில் எம்.ஜி.ஆர். நடித்த ‘அந்தமான் கைதி’ ஓடியிருந்தது. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகம், 1952-இல் படமானது. தண்டனைக் குடியிருப்பு 1945-ஓடு முடிந்துபோனது அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தமான் என்றால் விலங்கு மாட்டிக் கொண்டுபோகிற இடம். மகன் கூலிக்குத்தான் போகிறான் என்று ஊர்க்காரர்களிடம் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்தாராம்.

“உருளைக்கிழங்கு?”

“கல்கத்தாக் கப்பல்ல வரும். மூட்டை பிரிச்சதும் மேல கெடக்கிறது ஆபீசர் வீட்டுக்கு. நடுவுல உள்ளது பாபுமாருக்கு. அடியில நசுங்கி அழுகுனது எங்க லைனுக்கு. மூணுக்கும் வெல ஒண்ணுதான் தாயி. அதையும் எழுதிக்க.”

அவள் விலையை மட்டும் எழுதினாள். நல்ல பிள்ளை, சொன்ன வேலையைச் செய்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழைய விலைவாசிப் பட்டியல்களை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தக் குறை உண்டு. ‘அப்போது’ என்ற கட்டத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே நின்றவர்களில் யார் கைக்குப் பொருள் வந்தது, யார் கைக்கு வரவில்லை என்பது எங்கேயும் இருக்காது.

டீ விலைக்கு வந்ததும் பெரியவர் குரல் தெளிந்தது. இது அவர் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்த விஷயம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது நூறு நயா பைசா என்று ஆனது. ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஓரணா டீ ஆறு பைசாவானால் குடிக்கிறவனுக்கு லாபம், ஏழானால் கடைக்காரனுக்கு லாபம். “எங்க கடைக்காரன் என்ன செஞ்சான்? காலையில ஏழு வாங்குவான், சாயந்தரம் கூட்டம் இல்லாதப்ப ஆறு.” தபால் இலாகாவினர் தயக்கமே இல்லாமல் மேலே ஏற்றினார்கள். இரண்டணாத் தபால் உறை 13 நயா பைசா, ஒன்றரை அணா இன்லாண்டு 10, கார்டு 5. வாரம் ஒரு கடிதம் எழுதுகிறவனுக்கு அது பெரிய காசில்லை. ஆனால் அவர் வாரம் ஒன்று எழுதவில்லை. கப்பல் புறப்படும் முன்தினம் கூலிக்காரர் லைனில் உள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதத் தெரிந்தவர் இரண்டு பேர்; மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். பதில் அடுத்த கப்பலில் வரலாம், அதற்கடுத்ததிலும் வரலாம். அப்பா இறந்த சேதி அப்படித்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்தபிறகு, ஐந்து பைசாக் கார்டில், ஓரம் கிழிந்து.

பேத்தி கார்டின் விலையை எழுதினாள். பிறகு பேனாவை மூடி, கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் ஹிந்தியில் அறிவிப்பு. ரங்கத் கப்பல் புறப்படத் தாமதமாகும். வரிசை கலைந்து மூட்டைகளின்மேல் உட்காருகிறது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. டீக்கடைக்குக் கூட்டம் வருகிறது. தோளில் தோல்பை மாட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர், பார்த்தால் வங்கி உத்தியோகம் போலத் தெரிகிறவர், பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

நோட்டுக்குள்ளிருந்து பெண் ஒரு தாளை எடுத்தாள். பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக ஆசிரியை கொடுத்தது. 1955-ஆம் வருடத்து அமெரிக்காவின் விலைவாசி. “ஐயா, அங்க அப்ப ஹாம்பர்கர் 15 சென்ட்டாம். கோகோ கோலா 5 சென்ட்டாம். எவ்வளவு சீப்பு!”

“அது நம்ம காசுல எவ்வளவு?”

தோல்பைக்காரர் காத்திருந்ததுபோலச் சொன்னார். அன்றைக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசா. 1966 ஜூனில் இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்து ஏழரை ரூபாய் ஆக்கும்வரை அதே கணக்கு. செல்பேசியில் பெருக்கிப் பார்த்தார். ஹாம்பர்கர் 71 பைசா, கோலா 24 பைசா.

“எழுபத்தோரு காசா!” பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கு நாள் கூலி ரெண்டு ரூவா. எழுபது காசுல நான் ரெண்டு வேளை சாப்பிட்டுருவேன். ஹாம்பர்கர்னா என்ன தாயி, பெரிய சாமானா?”

“பன்னுக்குள்ள கறி வெச்சது ஐயா.”

அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மனத்துக்குள் நான் கணக்கைத் தொடர்ந்தேன். 1955-இல் அமெரிக்கச் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். பதினைந்து சென்ட் பன்னுக்குப் பன்னிரண்டு நிமிட உழைப்புப் போதும். எட்டு மணி நேரம் இரும்பு சுரண்டி இரண்டு ரூபாய் வாங்கியவருக்கு அதே பன் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைச் சீப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்தப் பத்தாண்டில் அமெரிக்கர்கள் வாழ்ந்த வாழ்வு உலகம் அதுவரை பார்த்திராதது, உண்மைதான். 1950-இல் பத்து வீட்டில் ஒன்றுக்குக்கூட இல்லாத தொலைக்காட்சி, 1960-இல் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது வீட்டில் இருந்தது. அந்தச் செழிப்புக்கு நடுவிலும் விலைப்பலகை சொல்லாத ஒன்று அங்கேயும் இருந்தது. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அதே கடையில் சோப்போ சீப்போ அவர்கள் வாங்கலாம், காசு வாங்கிக்கொள்வார்கள். உட்கார்ந்து குடிக்கிற காப்பி மட்டும் கிடையாது. காப்பியின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான், பலகையில் எழுதியிருந்தது. மூட்டையின் அடியில் கிடந்த உருளைக்கிழங்குக்கும் விலை ஒன்றுதான்.

டீக்கடை அம்மா கரண்டியோடு அருகில் வந்தார். அமெரிக்கா என்ற பெயர் அவரை இழுத்திருக்க வேண்டும்.

“நான் அமெரிக்காக்காரன் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன், தெரியுமா? பள்ளிக்கூடத்துல. மஞ்ச மாவு உப்புமா.”

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். காமராஜர் காலத்து மதிய உணவு. அதற்கு ‘கேர்’ நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. பிஎல்-480 என்ற அவர்கள் சட்டத்தின்கீழ்க் கோதுமை 1956-இலிருந்தே கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குச் சட்டத்தின் எண் தெரியாது. எண்ணெய் டின்னின் படம் தெரிகிறது. ஒரு கையை இன்னொரு கை பிடித்திருக்கும். “அந்தக் கை வெள்ளைக்காரன் கை, இந்தக் கை நம்ம கைன்னு வாத்தியார் சொல்லுவாரு. டின்னு காலியானதும் எங்கம்மா கேட்டு வாங்கியாந்து தண்ணி மோக்க வெச்சிருந்துச்சு. நான் கல்யாணமாகிக் கப்பல் ஏறுற வரைக்கும் அது வீட்டுல கெடந்துச்சு.”

“வெல எவ்வளவு பாட்டி?” பேனா தயாராக இருந்தது.

“அதுக்கு வெல கெடையாது கண்ணு. விக்கக் கூடாதுன்னு டின்னுலேயே எழுதியிருக்கும்.”

அமெரிக்காவின் அந்தப் பொற்காலத்துப் பொருள்களில் இந்தக் கடலோரத்தில் நிற்கிற ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். சிறுமி யோசித்து, பொருள் என்ற கட்டத்தில் உப்புமா என்று எழுதி, ‘அப்போது’ கட்டத்தில் கோடு போட்டாள். ‘இப்போது’ கட்டத்துக்கு என்ன என்று கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். “இப்ப நான் போடுறது ரவை. முப்பது ரூவா. எழுதிக்க.”

இதற்குள் இரண்டு டீக்குக் காசு கொடுக்கப் பெரியவர் மடிக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பழைய சிவப்பு இருபது ரூபாய். பின்பக்கம் தென்னை மரங்கள், கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். எதிரே, தண்ணீருக்கு அப்பால் நிற்கிற மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற வடக்கு விரிகுடாக் காட்சி அது. ஹாரியட் மலை; 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள். இந்தியா முழுக்க அந்த நோட்டில் மீன் வாங்கியவர்களுக்கும் பூ வாங்கியவர்களுக்கும் அந்த மலை எங்கே என்று தெரிந்திருக்காது. இங்கே அதைப் பார்த்தபடி அதே நோட்டைக் கொடுக்கிறார்கள். அம்மா நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, “இது இப்ப அதிகம் வர்றதில்ல” என்று தனியாக எடுத்து வைத்தார்.

“சினிமா டிக்கெட், ஐயா!”

இதற்குப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். தரை டிக்கெட் நாலணா. நயா பைசா வந்தபிறகும் நாலணாதான். கையில் கொடுக்கிறது இருபத்தஞ்சு காசு. (அந்த இருபத்தைந்து காசு நாணயமே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது.) அமெரிக்காவில் ஒரு பாட்டில் கோலாவுக்கான காசில் இங்கே அவருக்கு மூன்று மணி நேரம் சிவாஜி கிடைத்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ மெட்ராஸில் வந்தது 1959 மே மாதம்; படப்பெட்டி கப்பலேறி இங்கே வந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததாம். வசனம் முழுக்க அதற்கு முன்பே லைனில் எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் நடித்துக் காட்டியிருந்தார். படம் ஓடும்போது கொட்டகையில் வங்காளிகளும் மலபார் மாப்பிள்ளைமாரும் கைதிகளின் வழிவந்த லோக்கல் பார்ன்காரர்களும் இருந்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஹிந்துஸ்தானியில் சொல்லிக்கொண்டே வந்தார். “யாரும் சத்தம் போடாதன்னு சொல்லல தாயி. சொல்லலேன்னா பாதிப் பேருக்குப் புரியாதுல்ல.”

ரேடியோவும் அப்படித்தான். ஆகாசவாணி போர்ட் பிளேருக்கு வந்தது 1963-இல். அதற்கு முன்னால் சிற்றலையில் இலங்கை வானொலிதான். ஸ்டோர் கிளார்க் ஒருவர் வீட்டில் மர்பி ரேடியோ, அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டியிருந்தார். தமிழ்ச் சேவை நேரத்தில் தமிழர்கள் திண்ணையில். புதன் இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா வரும்போது எல்லோரும் திண்ணையில். பற்பசை விற்கிறவர்கள் தந்த நிகழ்ச்சி. அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கரியில் பல் துலக்கியவர்கள் என்கிறார் பெரியவர். பிறகு, அமீன் சயானி 2024-இல் இறந்த செய்தியைப் பேரன் போனில் காட்டியதையும், அன்றைக்கு ஏனோ சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னார்.

பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்கேலை எடுத்து, ‘இப்போது’ கட்டத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த ஓரத்தில் நான்காவதாக ஒரு கோடு இழுத்தாள். தலைப்பு ஒன்றும் எழுதவில்லை. அரிசிக்கு நேரே, ‘கப்பல் வராவிட்டால் இல்லை’ என்றாள், எழுதியபடியே. உருளைக்கிழங்குக்கு நேரே, ‘அடியில் இருந்தது’. கார்டுக்கு நேரே, ‘ஒரு மாதம் கழித்து’. கட்டபொம்மனுக்கு நேரே இடம் போதவில்லை, எழுத்தைச் சுருக்கி நுணுக்கி எழுதினாள். ஆசிரியை இதற்கு மதிப்பெண் தருவாரோ மாட்டாரோ, அந்த வகுப்பில் இதைவிட நல்ல பட்டியல் வரப்போவதில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்தவன் நடுவில் புகுந்து பேசுவது முறையில்லை என்று சும்மா இருந்தேன்.

மறுபடி அறிவிப்பு. கதவைத் திறந்துவிட்டார்கள். மூட்டைகள் எழுந்தன, முட்டைக்காரி எல்லோரையும் விலகச் சொல்லிக் கூவிக்கொண்டே முன்னால் போனாள். பெரியவர் தீவுவாசி என்பதற்கான ஐலேண்டர் கார்டைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டீக்கடை அம்மா ஒரு வாழையிலைப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். “வழியில தின்னுங்க அண்ணே. காசெல்லாம் அடுத்த தடவை. வர்றப்ப நம்ம தோட்டத்துப் பாக்கு கொண்டாங்க, மறக்காம.”

“ஐயா, இன்னும் ஒண்ணு! ஒம்பதுதான் ஆச்சு!”

“கப்பல் டிக்கெட்டு எழுதிக்க. நான் வந்த கப்பலு.”

“எவ்வளவு ஐயா?”

“நான் எங்க குடுத்தேன்? மேஸ்திரி குடுத்தாரு, அப்புறம் கூலியில புடிச்சாரு. மாசா மாசம் புடிச்சாரு.”

“எத்தன மாசம்?”

காவலர் அவர் பையை வாங்கிச் சோதனை எந்திரத்துக்குள் அனுப்பினார். கூட்டம் அவரை உள்ளே கொண்டுபோனது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் திரும்பி ஏதோ சொன்னார், பெண்ணுக்குக் கேட்கவில்லை. அவள் நோட்டைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள்.

“போன் பண்றேன் தாயி! ரங்கத் எறங்கினதும் போன் பண்றேன்! அதுக்குக் கணக்கு நெறைய இருக்கு!”